கப்பலேறியவருக்கு ஏடு உண்டு

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் காலனியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோன முதல் கப்பல் அது. அதில் 342 பேர் இருந்தார்கள். அன்று தொடங்கி 1911 வரை அந்தக் காலனிக்குப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். இவ்வளவு துல்லியமாகக் கணக்குச் சொல்ல முடிவதற்குக் காரணம், ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துக் கப்பல் வாரியாகப் பேரேட்டில் எழுதிவைத்ததுதான். எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். பிற்பாடு அந்த ஆள் விடுதலைச் சீட்டு வாங்கினாலும், ஊர் திரும்பினாலும், செத்தாலும் அதே எண்ணோடு எழுதினார்கள். அஷ்வின் தேசாய், கூலம் வாஹித் இருவரும் நேட்டால் ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி எழுதிய நூலில் தனி மனிதர்களின் கதைகளையே சொல்ல முடிந்தது இந்த எண்களின் தயவால்தான்.

அப்படிப் போன ஒருவருக்கு ஊரில் ஓர் அண்ணன் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். சொந்த நிலம் கிடையாது. மிராசுதார் வயலில் பண்ணையாள். அவர் பிறந்ததை எழுத அந்தக் காலத்தில் கிராமத்தில் முறையான ஏற்பாடு இல்லை. கல்யாணம் ஊர் முன்னிலையில் நடந்தது, எழுத்தில் இல்லை. பத்திரம் பண்ணச் சொத்து இல்லை. வரி கட்டாததால் கணக்குப்பிள்ளையின் ஏட்டில் இடம் இல்லை. ஊரைவிட்டுப் போன தம்பிக்கு அரசாங்கப் பேரேட்டில் முழுதாக ஒரு வரி இருக்கிறது. ஊரோடு கிடந்த அண்ணனுக்கு அரை வரிகூட இல்லை. தமிழ்க் குடும்பமொன்றின் நாலைந்து தலைமுறைகளைத் தேடப் புறப்படுகிறவர் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. கரும்புத் தோட்டத்து முதலாளிக்கு ஓடிப்போன கூலியை அடையாளம் காட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்காக எழுதிய முழங்கால் தழும்பைத்தான் இன்று கொள்ளுப்பேரன் தன் முன்னோரின் அங்க அடையாளமாகப் படிக்கிறான். எந்த ஏடும் சந்ததியாருக்காக எழுதப்பட்டதில்லை. யாருக்கு எது வேண்டியிருந்ததோ அது எழுதப்பட்டது.

மேல்மட்டத்துக் குடும்பங்களின் வமிசாவளிகளும் இதற்கு விலக்கல்ல. காலின் மெக்கன்சி (1754–1821) தென்னிந்தியா முழுக்க ஆள் வைத்துத் திரட்டிய சுவடிகளில் பாளையக்காரர்களின் வமிசாவளிகள் நிறைய உண்டு. ஒரு பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. எந்த ராஜா எந்தப் போரில் எந்தத் தலையைக் கொண்டுவந்து கொடுத்ததற்காக இந்தச் சீமையைக் கொடுத்தான் என்று விரிவாகச் சொல்பவை அவை. கட்டபொம்மனையும் மருது சகோதரர்களையும் தூக்கிலிட்ட கம்பெனி, மிச்சமிருந்த பாளையக்காரர்களில் யாருக்கு ஜமீன் உரிமை கொடுக்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் ஒரு குடும்பம் தன் பூர்வீகத்தைச் சொன்னால் அதில் பாதி விண்ணப்பம். ராஜா தலையில் கை வைத்து ஆசீர்வதித்த கதையை நம்புவதா என்பது வேறு விஷயம். அதே வமிசாவளி தன்னையறியாமல் சொல்லிவிடுகிற மணவுறவுகளும், பங்காளிச் சண்டைகளும், இடம்பெயர்ந்த வழியும்தான் ஆராய்ச்சிக்கு உதவும்.

இனாம் நிலம் வைத்திருந்த குடும்பங்களுக்கு இன்னும் வலுவான ஏடு உண்டு. 1858இல் வேலையைத் தொடங்கிய இனாம் கமிஷன், ஒவ்வொரு மானியத்தையும் யார் முதலில் பெற்றார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயதென்ன, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்று கேட்டு எழுதியது. கோயில் பூசாரி, கிராமத்து வெட்டியான், தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி, தேவதாசி என்று ஊழிய மானியம் பெற்றவர்களெல்லாம் அதில் வருகிறார்கள். கால் காணி நிலத்துக்காக ஒரு வெட்டியானின் பாட்டன் பெயர் எழுத்தில் நின்றுவிட்ட இடங்கள் உண்டு. எழும்பூரில் 1909இல் கட்டிய ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஜமீன் கட்டுகளையே தேடுகிறார்கள். இனாம் பதிவேடு அதைவிடச் சாமானியர்களுக்கு நெருக்கமானது.

மற்றபடி நிலம் இருந்த குடும்பத்துக்கு வழி எளிது. கையில் இருக்கும் பத்திரத்திலிருந்து தாய்ப் பத்திரத்துக்கும், அதிலிருந்து அதன் முன் பத்திரத்துக்கும் பின்னோக்கி நடக்கலாம். 1860களிலிருந்து சார்பதிவாளர் அலுவலகங்கள் இருக்கின்றன. பழைய பத்திரங்களில் எழுதிக்கொடுப்பவர், வாங்குபவர் பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவது வழக்கமாக நடக்கும் பிசகு. நான்கு எல்லை எழுதியிருப்பார்கள்: இன்னார் புஞ்சைக்கு வடக்கு, இன்னார் தோட்டத்துக்குக் கிழக்கு. அந்த இன்னார்கள் பெரும்பாலும் பங்காளிகள். ஒரே தகப்பன் நிலத்தை நான்காகப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் ஒருவருக்கொருவர் எல்லையாகிறார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் மைத்துனராக இருப்பார். ஒரு பத்திரத்தைப் படித்து முடித்தால் எட்டுப் பெயராவது கிடைக்க வேண்டும்.

நிலம் இல்லாதவர்களின் கதைக்கு வருவோம். அவர்கள் பெயர் எழுத்தில் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அடிமை ஓலைகளில் இருக்கிறது. நிலத்தை விற்கும்போது நிலத்தோடு ஆட்களையும், ஆட்களை மட்டும் தனியாகவும் விற்ற ஓலைகள் தமிழகத்தில் கிடைத்திருக்கின்றன, ஆ. சிவசுப்பிரமணியன் ‘தமிழகத்தில் அடிமை முறை’ நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். விற்கப்பட்ட ஆணின் பெயர், பெண்ணின் பெயர், பிள்ளைகளின் பெயர், விலை. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றபின் ஓலை எழுதுவது ஓய்ந்தது, பண்ணையடிமை ஓயவில்லை. ஆக, முந்தைய தலைமுறை சரக்காக எழுதப்பட்டது, பிந்தைய தலைமுறை எழுதப்படவே இல்லை. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் விளைவாக 1892இல் தலித் மக்களுக்குப் பஞ்சமி நிலம் வழங்க அரசாணை வந்தது. தலித் குடும்பங்களின் பெயர் நில உடைமையாளர் என்ற தகுதியில் வருவாய்க் கணக்கில் பரவலாக ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்த நிலங்கள் பிறகு யார் கைக்குப் போயின என்பது தனிக்கதை. ஆனால் நிலத்தை மீட்கப் போராடுகிறவர்கள் பழைய ‘அ’ பதிவேட்டைத் தேடி எடுக்கும்போது கூடவே தங்கள் கொள்ளுத்தாத்தாவையும் கண்டெடுக்கிறார்கள். இங்கே குடும்ப வரலாறு பொழுதுபோக்கு இல்லை, வழக்குக் கட்டு.

தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். மறு ஆண்டிலேயே அங்கே புராட்டஸ்டண்ட் ஞானஸ்நானங்கள் தொடங்கிவிட்டன. கிறித்தவக் குடும்பமாக இருந்தால், சாதி எதுவானாலும், தாய் தகப்பன், ஞானப்பெற்றோர் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கும். சிக்கல் முதல் தலைமுறையில்தான். முனியன் ஒரே நாளில் தேவசகாயமாகிவிடுவார், பழைய பெயரையும் சேர்த்து எழுதும் பழக்கம் பாதிரியாருக்கு இருந்ததா என்பதைப் பொறுத்தது மிச்சம்.

அரசாங்கமும் ஆலயமும் எழுதியது போக, குடும்பங்கள் தாமே எழுதிவைத்தவை இருக்கின்றன. அவற்றை ஆவணம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை. மதுரை, தேனி, புதுக்கோட்டைப் பக்கத்தில் எந்த வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் பழைய மொய் நோட்டு இருக்கும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வீடு குடிபுகுதல் ஒவ்வொன்றுக்கும் யார் எவ்வளவு செய்தார்கள் என்று ஊர் வாரியாக எழுதியது. பத்திரத்தைத் தொலைத்த குடும்பம்கூட மொய் நோட்டைத் தொலைக்காது. அது கடன் கணக்கு. அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்குப் போகுமுன் புரட்டிப் பார்த்து, அவர் செய்ததற்கு மேல் செய்ய வேண்டும். ஆராய்ச்சிக்காரர் கண்ணுக்கு அந்த நோட்டு வேறாகத் தெரிய வேண்டும். முதல் பக்கத்தில் தாய்மாமன் சீர். அந்தப் பெயர் ஒன்றே தாய்வழி ஊரைக் காட்டிவிடும். ஊர்த் தலைப்புகளைப் பட்டியலிட்டால் குடும்பம் பெண் கொடுத்த, பெண் எடுத்த வட்டம் வரைபடம் போல விரியும். ‘இன்னார் வகையறா’ என்று வருகிற இடங்களில் பங்காளிக் கிளை எங்கே பிரிகிறது என்பது தெரியும். ஒருவர் பெயர் நின்று அவர் மகன் பெயரில் மொய் தொடர்கிற ஆண்டு, பெரும்பாலும் அவர் இறந்ததை ஒட்டிய ஆண்டு. இருபது வருஷம் தவறாமல் வந்த ஒரு பெயர் திடீரென்று அற்றுப்போனால் அங்கே ஒரு சண்டை இருக்கிறது. யாராவது பெரியவரிடம் அதை மட்டும் கேளுங்கள், மிச்சக் கதை தானாக வரும். இரண்டு சம்பந்தி வீட்டு நோட்டுகளை அருகருகே வைத்தால் ஒன்று சொல்லாததை மற்றது சொல்லும்.

இதற்கு அண்ணன் முறை வேண்டும் குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. கைம்பெண்ணை அரைத் தலைக்கட்டாக எண்ணும் ஊர்களும் உண்டு. கோயம்புத்தூர் மில்லுக்கும் மும்பை தாராவிக்கும் போய் மூன்று தலைமுறையாகிவிட்ட குடும்பம் வருஷத்துக்கு ஒருமுறை வரி கட்ட வந்தால் போதும், நோட்டில் தொடர்ச்சி விட்டுப்போவதில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் இதை ஓர் ஒழுங்காகவே ஆக்கிவிட்டார்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது நகரக் கோயில்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவராகத்தான் எவரும் இருப்பார். கல்யாணம் கோயிலில் பதிவானால்தான் அந்தத் தம்பதி ‘புள்ளி’ என்று கணக்கில் சேரும். ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் கொண்டுவிற்கப் போனவர்களின் வம்சம் கலையாமல் இருந்ததற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம். பணம் புழங்கிய சமூகம், கணக்கெழுத அறிந்த சமூகம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் இதற்கெல்லாம் மேலான ஒன்று உண்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு அச்சிட்ட சிறு நூல் கொடுப்பார்கள். அதைக் கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் சொல்வார்கள். இறந்தவரின் பிறப்பு, படிப்பு, உத்தியோகம், மணம், மக்கள், மருமக்கள், பேரர் எல்லாம் செய்யுளாகவும் பின்னே வம்சாவளி வரைபடமாகவும் இருக்கும். செய்யுள் பெரும்பாலும் சுமார்தான். வரைபடம் விலைமதிப்பற்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஆனால் இந்த மலர்கள் ஊர் ஊராக வீட்டு அலமாரிகளில் கிடந்ததால் தப்பின. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அவற்றை மின்வடிவாக்கி வருகிறது. டொராண்டோவில் பிறந்த பிள்ளை இணுவிலில் இருந்த பூட்டனாரை இன்று அங்கே தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது.

யாழ்ப்பாணத்தை இவ்வளவு சொல்வதற்கு இன்னொரு காரணம் பெண்வழி. தமிழ்நாட்டுக் குடும்ப மரங்களில் பெண்கள் மூன்றாம் தலைமுறையோடு மறைந்துபோகிறார்கள். ‘இன்னார் பெண்சாதி’ என்று பத்திரத்தில் வந்தால் உண்டு. அவள் எந்த ஊர், யார் மகள் என்பது அந்த வரியில் இல்லை. யாழ்ப்பாணத்திலோ, ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் எழுதித் தொகுத்த தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம், சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரிக்கிறது. தாயின் சீதனம் மகளுக்குப் போகும், அவளிடமிருந்து அவள் மகளுக்கு. எனவே சீதன உறுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு வளவின் வழியாகவே தாய், பாட்டி, பூட்டி என்று பெண்வழியில் ஏறிவிடலாம். தமிழ்நாட்டில் அப்படி ஓர் ஏணி இல்லை. 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு செய்த திருத்தத்துக்குப் பிறகு மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது. அதிலிருந்து பாகப்பிரிவினையிலும் விடுதலைப் பத்திரத்திலும் பெண்கள் பெயர் கட்டாயம் வருகிறது. தங்கைகளிடம் கையெழுத்து வாங்க அண்ணன்மார் படும் பாட்டினால், இனி வரும் ஆராய்ச்சிக்காரருக்கு வேலை சுலபம். சட்டத்துக்கு முந்தைய பாட்டிகளின் பெயரை இப்போதிருக்கும் பாட்டிகளிடம் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

கேட்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் உச்சரிக்காத தலைமுறை இன்னும் இருக்கிறது. மாமனார் பெயரையே பேரனுக்கு வைத்திருப்பதால் அவனையும் ‘ராசா’ என்றே கூப்பிட்டு ஒப்பேற்றியிருப்பார்கள். நேரே “உங்க மாமனார் பேரென்ன ஆத்தா?” என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார், “உங்க மூத்த பேரனுக்கு யார் பேரு வச்சீங்க?” என்றால் சிரித்துக்கொண்டே காட்டிக்கொடுப்பார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் இந்த வழக்கம் உதவியும் செய்யும், கழுத்தையும் அறுக்கும். கறுப்பன் மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் கறுப்பன், கறுப்பன் மகன் முத்துசாமி என்று போகும் குடும்பத்தில் 1890ஆம் ஆண்டுப் பத்திரத்து முத்துசாமியும் 1940ஆம் ஆண்டுப் பட்டாவின் முத்துசாமியும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டால் நடுவே இரண்டு தலைமுறை காணாமல் போய்விடும்.

ஆண்டுக் கணக்கு அடுத்த கண்ணி. பழைய ஓலைகளிலும் ஜாதகங்களிலும் அறுபது வருஷச் சக்கரத்துப் பெயர்தான் இருக்கும். தாது வருஷம் என்றால் 1876–77ஆகவும் இருக்கலாம், 1936–37ஆகவும் இருக்கலாம். வருவாய்க் கணக்கில் பசலி. அதோடு 590 கூட்ட வேண்டும். நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிச் சீமையிலும் கொல்லம். அதோடு 825, சில மாதங்களுக்கு 824. சார்வரி வருஷம், பசலி 1310, கொல்லம் 1076 என்று மூன்று ஏட்டில் மூன்றாக இருப்பவை ஏறத்தாழ ஒரே 1900–01 தான். வாய்மொழியில் வருஷமே இருக்காது, சம்பவம் இருக்கும். தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னாலா பின்னாலா, எம்டன் சென்னையில் குண்டு போட்டபோது (1914 செப்டம்பர் 22) பிறந்துவிட்டாரா, 1924ஆம் ஆண்டுக் காவேரி வெள்ளத்தில் வீடு போனபோது கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேட்டால், “வயசு தெரியாது” என்று தொடங்கியவரே இரண்டு மூன்று வருஷ வித்தியாசத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவார். பிறப்பு இறப்புப் பதிவேட்டில் சரிபார்க்கப் போகும்போது குழந்தையின் பெயரால் தேடாதீர்கள். ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று மட்டும் எழுதிப் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டிருப்பதே அதிகம். தகப்பன் பெயரும் தெருவும்தான் வழி.

பல குடும்பங்களில் ஒரே கதை கேட்கக் கிடைக்கிறது. முன்னோர் வேறொரு நாட்டில் செல்வாக்காக இருந்தார்கள், அரசன் பெண் கேட்டான், கொடுக்க மனமின்றி ஒரே இரவில் ஊரைக் காலிசெய்து கிளம்பினார்கள், ஆறு வழிவிட்டது, வழியில் இறந்த கன்னிப்பெண் தெய்வமானாள். வெவ்வேறு சாதிகளிடம், வெவ்வேறு மாவட்டங்களில், அரசன் பெயர் மட்டும் மாறி இது வழங்குகிறது. இதைக் குடிபெயர்ந்ததற்குச் சான்றாக எடுத்து ஆண்டு குறிப்பது தவறு. கதையை ஒதுக்கிவிடுவதும் தவறுதான். அந்தக் கன்னித்தெய்வம் நிற்கிற இடமும், அங்கே பொங்கல் வைக்க வருகிற ஊர்களின் பட்டியலும், அந்தக் குடும்பம் உண்மையில் எந்தெந்த வழியில் பரவியது என்பதைக் காட்டக்கூடியவை.

மரம் வரையும்போது இன்னொரு தடை வரும். மேலைநாட்டு முன்மாதிரியில் செய்த வம்சாவளி மென்பொருள்கள் தமிழ்க் குடும்பத்தைக் கண்டால் திணறுகின்றன. மாமன் மகளை மணந்தவரின் பிள்ளைக்கு எட்டுக் கொள்ளுப்பாட்டன் பாட்டிகள் இல்லை, ஆறு பேர்தான். அக்காள் மகளை மணந்தவர் வீட்டில் தந்தைவழித் தாத்தாவே தாய்வழியில் கொள்ளுத்தாத்தாவும் ஆகிறார்; ஒரே ஆளை இரண்டு தலைமுறையில் நிறுத்த வேண்டும். தமிழ்நாட்டில் இன்றும் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. முந்தைய தலைமுறைகளில் இதைவிட அதிகம். மரபணுச் சோதனைக்கு எச்சில் அனுப்பி, முடிவில் யாரோ ஒருவர் ‘இரண்டாம் தலைமுறைச் சகோதரர்’ என்று வந்தால் உடனே தழுவிக்கொள்ள வேண்டாம். பல தலைமுறை கொடுக்கல் வாங்கலில் இழை பலவாறாகப் பின்னியிருப்பதால், தூரத்துச் சொந்தமும் நெருங்கிய சொந்தமாக அந்தக் கணக்கில் தோன்றும். நம் முறைப்பெயர்களே இங்கே மென்பொருளைவிடக் கூர்மை. ‘சின்னத்தாத்தா, அவரே அத்தை வீட்டுக்காரருக்கு அண்ணன்’ என்று பாட்டி சொல்வதை அந்த வாய்மொழியிலேயே எழுதிக்கொள்வது நல்லது. அதைத் தலைமுறைக் கட்டங்களில் அடைப்பது பிறகு.

கடல் கடந்தவர்கள் எல்லோருக்கும் ஏடு உண்டு என்று தலைப்பை வைத்து யாரும் நினைத்துவிட வேண்டாம். மொரீஷியஸ், நேட்டால், பிஜி முதலிய இடங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளுக்குத்தான் அந்தப் பேறு. மொரீஷியஸில் 1860களிலிருந்து கூலிகளைப் புகைப்படமும் எடுத்தார்கள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தப் பேரேடுகள் இருக்கின்றன. 2025 மார்ச்சில் மொரீஷியஸ் இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறைவரை வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை தருவதாக இந்தியா அறிவித்ததே, அப்படிக் காட்டுவதற்கு ஏடு அங்கே இருக்கிறது. கங்காணி கூட்டிப்போன இலங்கைக்கும் மலேயாவுக்கும் இது பொருந்தாது. காப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டு வழியில் நடந்தே போனார்கள். வழியில் விழுந்தவர்களின் பெயர் கங்காணியின் நினைவில் இருந்திருக்கலாம். தோட்டத்தில் இருந்தது செக்ரோல், அன்றாடம் வேலைக்கு வந்த ஆள் கணக்கு. மாதச் சம்பளம் போட்டு முடித்தபின் அதைப் பாதுகாக்க யாருக்கும் அவசியம் இல்லை.

அந்தப் பற்றாக்குறையின் விலையை அவர்களே கொடுத்தார்கள். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வம்சாவளியைக் கேட்டது. அங்கே பிறந்தவராக இருந்தாலும், தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சீட்டுக்கு எங்கே போவார்கள்? நாலு தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்குபோட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. குடும்ப வரலாறு வீட்டு விவகாரம் என்று நினைப்பவர்கள் அந்தச் சட்டத்தை ஒருமுறை படிக்க வேண்டும். மலேயாவின் கதை இன்னும் மோசம். 1942–43இல் சப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக, பராமரிப்போடு இருக்கின்றன. தமிழ்த் தொழிலாளருக்கு அப்படிப் பெயர் வரிசை கிடையாது. மலேசியக் குடும்பங்களில் ‘சயாமுக்குப் போனார்’ என்ற சொல்லோடு ஒரு கிளை நின்றுபோகும். அந்த இடத்தில் ஆண்டும் தோட்டத்தின் பெயரும் கிடைத்தால் எழுதிவைப்பதற்கு மேல் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

நேட்டால் பேரேட்டுக்கே திரும்பி, அந்த ஒற்றை வரியைக் கொண்டு ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்ப்போம். சொன்னவர் தமிழில் சொன்னார், கேட்டவர் ஆங்கிலக் காதால் கேட்டார். முனிசாமி ‘மூன்சாமி’ ஆனார், படையாச்சி குடும்பப் பெயரானது, முதலி ‘மூட்லி’ ஆனார். ஜில்லா பெயர் இன்றைய மாவட்டம் அல்ல. வட ஆற்காடு என்று இருந்தால் வேலூரையும் திருவண்ணாமலையையும் மட்டும் தேடினால் போதாது; சித்தூர் 1911வரை அதில்தான் இருந்தது, திருத்தணி ஆந்திரத்துக்குப் போய் 1960இல் திரும்பியது. கிராமம் புதூர், நல்லூர் என்று இருந்தால் தாலுகாவை விட்டால் கதியில்லை. ஊரைப் பிடித்துவிட்டால் அங்கே கேட்க வேண்டியது பெயரை அல்ல. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் போனவர் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. குலதெய்வம் எது என்று இரண்டு பக்கமும் தனித்தனியே கேட்டு ஒப்பிட வேண்டும். டர்பன் குடும்பம் இன்னும் கும்பிடுகிற தெய்வத்தின் பெயரும், அதற்குப் படைக்கும் முறையும், அந்த ஊரில் ஒரு தெருவோடு பொருந்தினால் தேடல் சூடுபிடித்துவிட்டது என்று கொள்ளலாம். சில வேளை ஊர்ப் பெயர் மனிதர் பெயரிலேயே தங்கிவிடும். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து பதினாறு வயதில், 1914இல் இறந்த சத்தியாக்கிரகி வள்ளியம்மை பார்த்தறியாத தில்லையாடி இன்று அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது.

சாதிப் பத்தியில்தான் பலர் கை நடுங்குகிறது. ஆரம்பக் கப்பல்களில் எழுத்தர் அந்தப் பத்தியில் ‘மலபார்’ என்றும் ‘ஜெண்டூ’ என்றும் எழுதினார். முதலாவது தமிழரைக் குறித்தது, இரண்டாவது தெலுங்கரை, சாதியே இல்லை. பிற்பட்ட பட்டியல்களில் சாதிப் பெயர் இருக்கிறது, ஆனால் அதுவும் சொன்னவர் சொன்னதுதான். டிப்போவில் சேரும்போதே ஆளனுப்பிய தரகர் எதைச் சொன்னால் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம். உயர்ந்த சாதி, வேளாண் வேலைக்கு ஆகாது என்று தள்ளிவிடுவார்களோ என்று ஒருவர் குறைத்துச் சொல்லியிருக்கலாம். கடல் தாண்டியாயிற்றே, இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று இன்னொருவர் கூட்டிச் சொல்லியிருக்கலாம்; நூற்றாண்டுக் கணக்கில் மேலே ஏற்றிய சுமையை ஒரே சொல்லில் இறக்கிவைத்த அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று குடும்பம் சொல்லிக்கொள்ளும் சாதிக்கும் பேரேட்டின் சாதிக்கும் ஒத்துவராதபோது, ஆராய்ந்தவர் அந்தப் பத்தியை மட்டும் விட்டுவிட்டுப் படியெடுத்த உதாரணங்கள் ஏராளம். என் அபிப்பிராயத்தில் பத்தியை அப்படியே எழுத வேண்டும். பக்கத்தில் குடும்பம் சொல்வதையும், அதைச் சொன்னவர் பெயரையும், சொன்ன தேதியையும் எழுத வேண்டும். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய பக்கங்களை அச்சுக்குக் கொடுக்காமல் வீட்டுப் பிரதியில் வைத்துக்கொள்ளலாம்; அதற்கு அவர்கள் சம்மதம் கேட்பது மரியாதை. பேரேடு சொல்வது, குடும்பம் சொல்வது இரண்டில் எது சரி என்று தீர்மானிக்கும் இன்னொரு சீட்டு, அதே கப்பலில் அடுத்த எண்ணில் ஏறிய மனைவியின் வரியாகவோ, தங்கையின் வரியாகவோ இருக்கக்கூடும். பெண்களுக்கும் அந்தப் பேரேட்டில் தனி எண், தனி வரி, தகப்பன் பெயர் உண்டு. பெரும்பாலானவர்கள் இன்னும் அந்த வரிகளைப் புரட்டவில்லை.